தூக்கம் வராத விசுவாசிகள்

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையில் மனநல மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி வரும் நோயாளிகள் புதியவர்கள் அல்லர். சென்ற ஆண்டு வந்த ஒருவரை மட்டும், ஊரும் அடையாளமும் தெரியாதபடி மாற்றி, இங்கே குறிப்பிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு ஓவர்லாக், பேட்லாக் தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் வேலை, செய்பவர். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபின் ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்ததில், அவருடைய இயந்திரங்களில் பாதி துணி மூடிக் கிடந்தன. பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் வேதாகம உறையின் ஜிப்பை இழுத்து மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தார். திறந்தபோது சங்கீதங்களுக்கு நடுவே கடன் தவணை அட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது.

“ஜெபிக்கறவனுங்க நானு. மாத்திரை போட்டாப் போச்சுங்க, விசுவாசம் இல்லைன்னு ஆயிருமுங்களே?” என்று கேட்டார். மூன்று வாரங்களாக இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வதையும், காலையில் டீயும் பன்னும் தவிர எதுவும் இறங்காததையும் அவருடைய மனைவிதான் சொன்னார். சபையில் யாரேனும் நலம் விசாரித்தால் “ஸ்தோத்திரமுங்க, நல்லா இருக்கறோம்” என்று சிரித்துவிட்டு வந்துவிடுவாராம். அவருடைய கலக்கத்தைவிட, அதை ஒளித்துவைக்க அவர் பட்ட பாடுதான் எனக்குக் கூடுதல் கவலையைத் தந்தது.

விசுவாசிக்குக் கலக்கம் வரக்கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வேதாகமத்திலிருந்து வந்திருக்க முடியாது. ‘எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்’ உங்கள் இருதயங்களைக் காத்துக்கொள்ளும் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது விலங்கிடப்பட்டுக் காவலில் இருந்தார். ‘காத்துக்கொள்ளும்’ என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது, காவற்படை நிறுத்தி ஒரு நகரத்தைக் காப்பதற்கு வழங்கிய சொல். தோட்டத்துச் சாளையில் தனியாகக் குடியிருப்பவர்கள் நாய் வளர்ப்பது திருட்டுப் பயம் இருப்பதால்தான். பயமே இல்லாத இடத்தில் காவலுக்கு என்ன வேலை? ஆகவே அந்த வசனம் ஆபத்து நடுவில் இருப்பவருக்கே சொல்லப்பட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முந்தைய வசனம், எல்லாவற்றையும் குறித்து விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தச் சொல்கிறது. தெரியப்படுத்துவது என்றால் உள்ளதை உள்ளபடி சொல்வது. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது, அதையும் வேதாகமத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. மருத்துவராக என்னை மிகவும் வியக்கவைப்பது 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அவருக்கு உபதேசமோ கடிந்துகொள்ளுதலோ கிடைக்கவில்லை. தூக்கம் கிடைத்தது, பிறகு தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடியும் தூக்கம், மறுபடியும் உணவு. கேள்வி கேட்கப்படுவது அவர் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். மனச்சோர்வில் விழுந்தவரிடம் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரிசையை நான் எங்கும் படித்ததில்லை.

எனவே அவரிடமும் இரவைப் பற்றித்தான் முதலில் பேசினேன். படுக்கையில் கைப்பேசியில் வரிச் செய்திகளைப் பார்ப்பார். அது முடிந்ததும் கடைசி நாட்களைப் பற்றிய காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். (இந்தக் காணொளிகளைத் தயாரிப்பவர்கள் என் வெளிநோயாளர் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.) யுத்தங்களின் செய்திகளைக் கேள்விப்படும்போது ‘கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்’ என்று மத்தேயு 24இல் இயேசு சொன்னதை அவருக்கு நினைவூட்டி, இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியை வேறு அறையில் வைக்கச் சொன்னேன். மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, கடன், கூலி, ஆர்டர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் சொல்லி ஜெபித்துவிட்டு நோட்டை மூடிவிட வேண்டும்; இரவில் நினைவு வந்தால் அது நாளை மாலைக்கு உரியது. அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்பதை நடைமுறைப்படுத்தும் ஒரு வழியாக இதை அவர் உடனே புரிந்துகொண்டார்.

மெதுவாக மூச்சுவிட்டபடி ஜெபிப்பதற்கும் பயன் உண்டு. ஜெபமாலையின் மரியே வாழ்க மன்றாட்டை லத்தீனில் சொல்லும்போது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறையாக இறங்குவதை, 23 பேரிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. அந்த வேகத்தில் இதயத்துடிப்பைச் சீராக்கும் நரம்பியக்கம் வலுவடைகிறது. அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்துக்குத் தவறாமல் போகும் என் நோயாளியான பாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “இதுக்கு ஆராய்ச்சி வேறயா சாமி” என்று சிரித்தார்.

ஆனால் இவை போதாத நிலையும் உண்டு. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட இப்படித் தோன்றலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தருவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். என் நோயாளிப் பெண் ஒருவர், ஒரு ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, தேறிவந்த நிலையில் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தி, முன்பைவிட மோசமாகத் திரும்பிவந்தார். பவுல் தம் நிருபத்தில் லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்று குறிப்பிடுகிறார். பவுலுடைய விசுவாசம் அதனால் குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை.

சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதற்குப் போதகர்களும் குடும்பத்தாரும் தயங்க வேண்டியதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, கேட்டதும் பலர் அழுதே விடுகிறார்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று மறைக்கிறவர்கள், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதித் தண்டனையிலிருந்து விலக்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஜாப் ஒர்க்காரர் ஆறு வாரம் கழித்து வந்தார். கடன் அப்படியேதான் இருந்தது. இரண்டு இயந்திரங்களை விற்றிருந்தார். போதகரிடம் மனம்விட்டுப் பேசியதாகவும், தமக்கும் ஒரு காலத்தில் தூக்கம் வராமல் இருந்ததை அவர் சொன்னதாகவும் கூறினார். வேதாகமம் மடியில் கிடந்தது, ஜிப்பை அவர் தொடவில்லை. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து, “வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமுங்க டாக்டர், அன்னைக்கு மாத்திரையை எப்பப் போடறதுங்க?” என்று கேட்டார். வழக்கம்போல இரவில், உபவாசம் முடித்துச் சாப்பிட்ட பிறகு என்றேன். அதை அந்தக் கடன் அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு போனார்.