ஸ்பீக்கர் இல்லாத கம்ப்யூட்டரும் கான்பெராவும்

டிடிபி சென்டர் வைத்திருக்கும் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "அண்ணே, சிஸ்டம் போச்சு. கறுப்பு ஸ்க்ரீன்லயே நிக்குது." நேரில் போய்க் கேட்டால் கதை முந்தின நாளே தொடங்கியிருக்கிறது.

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலிலிருந்து, படங்களைத் திருத்தும் ஜிம்ப்பைத் திறந்திருக்கிறார். ஜிம்ப் திறந்தது, படமும் திறந்தது. கூடவே டெர்மினலில் ஒரு வரி: 'ஃபெயில்டு டு லோட் மாட்யூல் கான்பெரா-ஜிடிகே-மாட்யூல்'. 'ஃபெயில்டு' என்று பார்த்ததும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேடியதில் ஏதோ ஒரு தளத்தில், பழைய உபுண்டுக்கான டெப் கோப்பு, அதாவது நிரலை நிறுவும் பேக்கேஜ், கிடைத்திருக்கிறது. அது கேட்ட லைப்ரரிகளையும் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகள்) அங்கேயே ஒவ்வொன்றாக இறக்கி, வலுக்கட்டாயமாக நிறுவிவிட்டார். புதியவை இருந்த இடத்தில் பழையவை உட்கார்ந்ததும், அவற்றை நம்பியிருந்த மற்ற பேக்கேஜ்கள் முறுக்கிக்கொண்டன. சரிசெய்யச் சொல்லி, பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் ஆப்டிடம் கேட்டபோது, எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று அது பட்டியல் போட்டது. படிக்காமல் 'ஒய்' தட்டிவிட்டார். டெஸ்க்டாப்பே அந்தப் பட்டியலில் இருந்தது.

இவ்வளவுக்கும் கான்பெரா செய்யும் வேலை என்ன? பட்டனை அழுத்தினால், எச்சரிக்கைப் பெட்டி திறந்தால் வருகிற 'டிங்' ஒலி. நண்பரின் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரே கிடையாது.

அந்த வரி ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிடிகே என்பது ஜன்னல், பட்டன்களை வரைந்து தரும் லைப்ரரி. அதில் எழுதிய நிரல்கள் தொடங்கும்போது கான்பெராவையும் ஏற்றிக்கொள்ளும்படி டெஸ்க்டாப் சொல்லிவைக்கிறது. உபுண்டுவில் ஜிடிகே 3-க்கான கான்பெரா முன்பே இருக்கும். ஆனால் ஜிம்ப் 2.10 ஜிடிகே 2-இல் எழுதப்பட்டது. அதற்கான கான்பெரா தனி பேக்கேஜ், தானாக வந்திருக்காது. ஜிம்ப் தேடிப் பார்க்கிறது, இல்லை, ஒரு வரி எழுதிவிட்டு வேலையைத் தொடர்கிறது. மெனுவிலிருந்து திறந்திருந்தால் நண்பர் அந்த வரியைப் பார்த்தே இருக்க மாட்டார்.

டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் ஒரு பேக்கேஜ் மற்றதைக் கேட்பதில் மூன்று நிலை உண்டு. 'டிபெண்ட்ஸ்' என்றால் அது இல்லாமல் நடக்காது. 'ரெக்கமெண்ட்ஸ்' இருந்தால் நல்லது, ஆப்ட் வழக்கமாக அதையும் சேர்த்தே நிறுவும். 'சஜஸ்ட்ஸ்' வேண்டுமானால் நாமே போட்டுக்கொள்ள வேண்டியது. பின்னிரண்டும் இல்லாதபோது வரும் முணுமுணுப்புதான் இந்த மாதிரிச் செய்திகளில் பெரும்பாலானவை. டாக்கர் இமேஜ் (நிரலையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டிய பொதி) கட்டும்போது, ஆப்டின் துணைக் கருவியான 'ஆப்ட்-யூட்டில்ஸ் இல்லை' என்று வரும் வரியும் இதே ரகம். வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பாதிப் பேர் அதைக் காட்டித்தான் என்னிடம் முதல் கேள்வி கேட்கிறார்கள்.

உண்மையிலேயே கவனிக்க வேண்டிய செய்தியும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வரும். அங்கேதான் குழப்பம். 'எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்' என்று வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். சந்தேகமிருந்தால் அடுத்த வரியில் 'எக்கோ $?' அடித்துப் பாருங்கள், கடைசியாக ஓடிய நிரல் எப்படி முடிந்தது என்பதை எண்ணாகச் சொல்லும். இந்தப் பிழைக்கு 127 என்று காட்டும். ஒழுங்காக முடிந்த நிரலுக்கு 0.

இரண்டுக்கும் நடுவிலும் ஒரு ரகம் உண்டு. வீடியோ ஓட்டும் விஎல்சியில், கிராபிக்ஸ் கார்டின் உதவியைப் பெறும் 'விடிபிஏயூ' கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வரும், படம் அதன் பாட்டுக்கு ஓடும். வீடியோவைப் பிரிக்கும் வேலையை கிராபிக்ஸ் கார்டுக்குப் பதில் பிராசசர் செய்யும், அவ்வளவுதான். 4கே படம் திக்கித் திணறினால் மட்டும் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

வரி கண்ணை உறுத்துகிறது, போயே ஆக வேண்டும் என்றால் உங்கள் பதிப்பின் களஞ்சியத்திலிருந்தே ஆப்ட் மூலம் போடுங்கள். வேறு பதிப்பின் டெப் கோப்பு வேண்டாம். லிப்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3-ஆம் பதிப்புக்கு, பழைய 1.1-இன் பெயரில் லிங்க் போடச் சொல்லும் யோசனைகள் இன்னும் மோசம். வேறொருவரின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவது மாதிரி, வாசலைத் தாண்டலாம், உள்ளே போய் வேலை ஓடாது.

நண்பரின் கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு, உபுண்டுவைப் புதிதாக நிறுவி, ஜிம்ப்பும் போட்டுக் கொடுத்தேன். மாலை ஆகிவிட்டது. சோதித்துப் பார்க்க டெர்மினலிலிருந்தே திறந்தார். அதே வரி. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் வாங்கினா சொல்லு, போட்டுத் தர்றேன்" என்றேன்.