ஆன்லைன் சூதாட்டத்துக்குத்தான் தடை, பழைய வரிக்கு அல்ல

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை போட்டது. அந்த மாதம் 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஆடியவரைத் தண்டிக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. இதைக் கேள்விப்பட்டு, வரியும் இத்துடன் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஜெயித்த தொகைக்கெல்லாம் வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஜே பிரிவு 30 சதவீதம் கேட்கிறது. அந்த ஆண்டுகளின் கணக்கைத் தடைச் சட்டம் தொடவே இல்லை.

விளையாட்டுக்குள் புழங்கும் பணத்தின் மீது அரசுகளுக்கு ஆசை வந்து வெகுகாலமாகிறது. மெய்நிகர் நாணயத்தை விற்று வரும் லாபத்துக்கு 20 சதவீத வரி என்று சீனா 2008இலேயே அறிவித்தது. அமெரிக்க வரித் துறையோ ஃபோர்ட்நைட், ராப்லாக்ஸ் விளையாட்டுகளின் காசுகளை மெய்நிகர் நாணயத்துக்கு உதாரணமாகத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. 2020இல் சலசலப்பு எழுந்ததும் அந்த வாசகத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, விளையாட்டை விட்டு வெளியே வராத காசைக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்று விளக்கம் சொன்னது.

நம் நாட்டில் அந்தச் சலுகை கிடையாது. ஜெயித்த பணம் வாலட்டிலேயே, அதாவது செயலிக்குள் இருக்கும் உங்கள் கணக்கிலேயே, கிடந்தாலும் மார்ச் 31 அன்று அது வருமானம்தான்.

வருமான வரி விதிகளில் விதி 133 எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பாருங்கள். தடைக்கு முந்தைய ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆண்டு முழுவதும் 50,000 ரூபாய் கட்டி ஆடுகிறார். இடையில் 30,000 எடுத்துக்கொள்கிறார். போட்ட பணமே திரும்பி வராததால் அப்போது வரிப் பிடித்தம் இல்லை. மார்ச் 31 அன்று வாலட்டில் 60,000 நிற்கிறது. எடுத்த 30,000, மீதி 60,000, இரண்டையும் கூட்டி அதில் போட்ட 50,000ஐக் கழித்தால் 40,000. இதுதான் நிகர வெற்றித் தொகை. 194பிஏ பிரிவின்படி விளையாட்டை நடத்தும் நிறுவனம் 12,000 ரூபாயை வாலட்டிலிருந்தே பிடித்துக் கட்டிவிடும். மிஞ்சிய 48,000ஐ அவர் ஏப்ரலில் தோற்றுவிடுகிறார் என்று வையுங்கள். போட்டது 50,000, கைக்கு வந்தது 30,000, போதாததற்கு வரி 12,000. "எல்லாம் அதிலேயே போய்விட்டதே சார், எதற்கு வரி?" என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுகிறேன். பெரும்பாலும் அவர்கள் அதை நம்புவதில்லை.

எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே என்பது இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் நியாயம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஐந்து நிமிடத்தில் காணாமல் போகக்கூடிய தொகையைச் சம்பளம்போல் பார்ப்பது கொஞ்சம் கடுமைதான். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஏப்ரலில் விட்டதை முந்தைய ஆண்டின் வெற்றியில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஒரு நிறுவனத்தின் செயலியில் விட்டதை இன்னொரு நிறுவனத்தின் செயலியில் ஜெயித்ததோடு நேர்செய்யவும் வழியில்லை. அடிப்படை விலக்கு வரம்பும் இந்த வருமானத்துக்குப் பொருந்தாது.

பிடித்தம் ஆகிவிட்டது, இனி வேலையில்லை என்று விட்டுவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிடிப்பது 30 சதவீதம். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதன் மேல் செஸ் எனும் கூடுதல் தீர்வை 4 சதவீதம் சேரும். மேலே சொன்னவர் சம்பளத்துக்கும் வரி கட்டுகிறவர் என்றால் இன்னும் 480 ரூபாய் பாக்கி. வழக்கமாக ஐடிஆர்-1 என்ற எளிய படிவத்தில் கணக்குப் போடும் சம்பளக்காரர் இந்த வருமானம் இருந்தால் ஐடிஆர்-2க்கு மாற வேண்டும். நிறுவனம் கட்டிய ஒவ்வொரு பிடித்தமும் பிடித்த வரிகளைப் பட்டியலிடும் 26ஏஎஸ் படிவத்தில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே நிற்கும். அதை மறைத்துக் கணக்குத் தாக்கல் செய்தால் துறையின் கணினியே கண்டுபிடித்துவிடும். விட்டுப்போனவர்கள் புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்ய, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. தாமதத்துக்கு ஏற்பப் பாக்கி வரி, வட்டியின் மேல் கூடுதல் வரி 25 சதவீதத்தில் தொடங்கி 70 வரை ஏறும்.

அம்மாவின் பான் எண்ணிலும் வங்கிக் கணக்கிலும் மகன் ஆடிய குடும்பங்கள் இன்னும் பாவம். நோட்டீஸ் அம்மா பெயருக்குத்தான் வருகிறது. ஓய்வூதியம் மட்டுமே வாங்கும் ஒருவர், தான் தொட்டே பார்க்காத விளையாட்டின் வெற்றித் தொகைக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. ஆடியது மகன் என்பதற்கு அவரிடம் ஆதாரம் ஏது?

தடைக்குப் பிறகு பலர் செயலியைப் போனிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதில் இருந்த வரவு செலவுக் கணக்கை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; திறக்க முடியாவிட்டால், 2023 ஏப்ரல் முதல் ஆண்டுவாரியாகக் கட்டிய தொகை, எடுத்த தொகை, மார்ச் 31 இருப்பு மூன்றையும் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வங்கி ஸ்டேட்மென்ட்டும் யுபிஐ பதிவுகளும் ஓரளவு உதவும். போட்ட பணத்துக்கு ஆதாரம் இருந்தால்தான் அதைக் கழித்துக் காட்ட முடியும்.