ஒரே ரத்தத் துளி, இரண்டு கணக்கு

1995 அக்டோபர் 3, லாஸ் ஏஞ்சலஸில் காலை பத்து மணி. நீதிமன்ற எழுத்தர் தீர்ப்பைப் படிக்கத் தொடங்கினார். இரட்டைக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரின் முழுப்பெயரான ஓரெந்தால் ஜேம்ஸ் சிம்ப்சன் என்பதில் அவர் நாக்கு கொஞ்சம் தடுக்கியது. அடுத்து வந்தது "குற்றவாளி அல்ல" என்ற முடிவு. அமெரிக்காவில் சுமார் 15 கோடிப் பேர் அந்த நேரம் டிவி முன்னால் இருந்தார்கள் என்று கணக்கு. பங்குச் சந்தையில் வியாபாரம் மந்தமானது, தொலைதூர போன் அழைப்புகள் சட்டென்று குறைந்தன.

சேனல்கள் நீதிமன்றத்தைக் காட்டிவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களையும் காட்டின. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் துள்ளிக் குதித்தார்கள். வெள்ளை மாணவர்கள் நிறைந்த கல்லூரிகளில் வாயைப் பொத்திக்கொண்டு உறைந்து நின்றார்கள். பார்த்தது ஒரே நேரலை, கேட்டது ஒரே சொல். அப்புறம் எப்படி ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் சாவு வீடு?

"அவரவர் இனத்தானுக்கு அவரவர் நின்றார்கள், இதில் என்ன அறிவியல்?" என்று கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வழக்கைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது அந்த விளக்கம் பாதிதான் என்று பட்டது. மீதிப் பாதியில் இருப்பது ஒரு நிகழ்தகவுக் கணக்கு.

வழக்கு இதுதான். 1994 ஜூன் 12 இரவு, லாஸ் ஏஞ்சலஸின் பிரென்ட்வுட் பகுதியில் நிக்கோல் பிரவுன் சிம்ப்சனும் அவருடைய நண்பர் ரொனால்ட் கோல்ட்மேனும் குத்திக் கொல்லப்பட்டார்கள். நிக்கோலின் முன்னாள் கணவர்தான் ஓ.ஜே. சிம்ப்சன். அமெரிக்கக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்தவர், விளம்பரங்களிலும் சினிமாவிலும் தெரிந்த முகம். அவர் கறுப்பர், கொல்லப்பட்ட இருவரும் வெள்ளையர். மனைவியை அடித்ததாக 1989-லேயே வழக்குப் பதிவாகி, அதை எதிர்த்து வாதாடாமல் தண்டனையை ஏற்றுக்கொண்டவர். கொலை நடந்த இடத்தில் கிடைத்த ஒரு ரத்தத் துளி அவருடைய டிஎன்ஏவோடு பொருந்தியது. தற்செயலாக வேறொருவருக்கு அப்படிப் பொருந்தும் வாய்ப்பு 17 கோடியில் ஒன்று என்றது அரசுத் தரப்பு.

17 கோடியில் ஒன்று! இதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கேட்டது இதைத்தான்.

இதற்கு விடை தேடும் முன், மனவியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் ஒரு பழைய ஆய்வைப் பார்த்துவிடலாம். 1951 நவம்பரில் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கான்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு பக்கத்து மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்கள் பிரின்ஸ்டன் மாணவர்களின் கண்ணுக்கு சராசரியாக 9.8. அதே படத்தில் டார்ட்மத் மாணவர்கள் எண்ணியது 4.3.

இதில் எனக்குப் பிடித்தது எண்கள் இல்லை, ஒரு தந்தி. டார்ட்மத்தின் முன்னாள் மாணவர் ஒருவர், தங்கள் சங்கத்தில் திரையிடுவதற்காக அந்தப் படத்தை வரவழைத்து முன்கூட்டியே போட்டுப் பார்த்தார். பத்திரிகையில் அவ்வளவு பேசப்பட்ட முரட்டுத்தனத்தில் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. முக்கியமான பகுதிகளை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, விடுபட்டதை விமான அஞ்சலில் அனுப்புங்கள், ஒட்டுவதற்குக் கருவி எங்களிடம் இருக்கிறது என்று தந்தி அடித்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. "கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் ஊரில் சொல்வார்கள். தீர விசாரிப்பவருக்கும் இருப்பது அதே கண்தானே.

சரி, சிம்ப்சன் வழக்கில் நடந்ததும் இதுதானா? ஓரளவுக்கு. ஆனால் கால்பந்தில் பார்வையை வளைத்தது விசுவாசம். சிம்ப்சன் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டங்களிலிருந்து எப்போதும் ஒதுங்கியே இருந்தவர், வெள்ளையர்கள் வாழும் பணக்காரப் பகுதியில் குடியிருந்தவர். அவர்மேல் அவ்வளவு விசுவாசம் வைக்க ஆட்களுக்குப் பெரிய காரணம் இல்லை. பிரிவை உண்டாக்கியது வேறொன்று என்று நான் நினைக்கிறேன்: சாட்சியத்தைக் கொண்டுவந்து கொடுத்த கை.

காய்கறிக் கடைக்குப் போகிறீர்கள். புத்தம் புதிய மின்னணுத் தராசு, ஒரு கிராம்கூடத் தப்பாது. ஆனால் கடைக்காரர் கட்டைவிரல் தட்டில் அழுந்தியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். இப்போது தராசு எவ்வளவு துல்லியம் என்பதால் உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? எடையின் நம்பகம் விரலோடு முடிந்துபோகிறது.

டிஎன்ஏவும் அப்படித்தான். ஒருவர் நிரபராதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் ரத்தம் பொருந்தியதாக அறிக்கை வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தற்செயல்: 17 கோடியில் ஒன்று. மற்றது, யாரோ ரத்தத்தை அங்கே வைத்தார்கள், அல்லது ஆய்வகத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இந்த இரண்டாவது வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று நீங்கள் நினைத்தால், முதல் எண்ணை மறந்துவிடலாம். இரண்டையும் கூட்டினால் வருவது கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒன்றுதான். பத்தில் ஒன்று என்று நினைத்தால் பத்தில் ஒன்று. 17 கோடி ஆவியாகிவிடுகிறது.

இதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை; கணக்கு, புதுச் சாட்சியம் வந்தால் நம்பிக்கையை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்லும் பேய்ஸ் தேற்றம். இருவர் இருக்கிறார்கள்; இருவருமே ஆரம்பத்தில் "செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி" என்று இருப்பவர்கள். சாட்சியம் கெட்டிருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று முதலாமவர் நினைக்கிறார். ரத்த அறிக்கையைக் கேட்டதும் குற்றம்பற்றிய அவர் நம்பிக்கை 99.9 சதவீதம் ஆகிறது. இரண்டாமவர் பத்தில் ஒன்று என்று நினைக்கிறார். அவருக்கு 91.

இப்போது புதுச் செய்தி ஒன்று வருகிறது: விசாரணை அதிகாரிகளில் ஒருவர் நீதிமன்றத்தில் பொய் சொன்னது அம்பலம். இருவருக்குமே போலீஸ் மீது நம்பிக்கை குறைகிறது. முதலாமவரின் சந்தேகம் பத்து மடங்கு கூடி நூற்றில் ஒன்றாகிறது. இரண்டாமவருடையது மூன்றில் ஒன்று. குற்ற நம்பிக்கையை மறுபடி கணக்கிடுங்கள். முதலாமவருக்கு 99, இரண்டாமவருக்கு 75. ஒரே செய்தியைக் கேட்டு இருவரும் ஒரே திசையில்தான் நகர்ந்தார்கள், இருவர் கணக்கிலும் பிழை இல்லை. ஆனாலும் 9 புள்ளியாக இருந்த இடைவெளி 24 ஆகிவிட்டது. சாட்சியம் கூடக் கூட எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்ற நம் எதிர்பார்ப்பு இப்படித்தான் பொய்க்கிறது.

அந்த முதல் எண், ஆயிரத்தில் ஒன்றா பத்தில் ஒன்றா என்பது, வானத்திலிருந்து விழுவதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பினத்தவருக்குச் சூடு பட்ட தழும்பு நிறைய இருந்தது. 1991 மார்ச்சில் ரோட்னி கிங் என்பவரைப் போலீஸார் சூழ்ந்து நின்று அடித்ததை, பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே அதைப் பார்த்தது. அதே மாதம் ஒரு கடையில், ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலைத் திருடுவதாகச் சந்தேகப்பட்டு 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைக் கடைக்காரப் பெண்மணி தலையில் சுட்டார். சிறுமியின் கையில் காசு இருந்தது. அந்தக் கொலைக்கு நீதிபதி சிறைத் தண்டனை கொடுக்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் 500 டாலர் அபராதமும்தான். கிங் வழக்கு விசாரிக்கப்பட்டது புறநகரான சிமி வேலியில். ஜூரியில், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில், ஒரு கறுப்பர்கூட இல்லை. 1992 ஏப்ரலில் வந்த தீர்ப்பில் நான்கு போலீஸாரில் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நகரம் பற்றி எரிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வீடியோவே இருந்தும் இப்படி என்றால், வீடியோ இல்லாத இடத்தில் போலீஸ் சொல்வதற்கு எவ்வளவு மதிப்புப் போடுவீர்கள்?

இந்த மனநிலையோடு சிம்ப்சன் வழக்கைப் பார்த்தவர்கள் முன்னால் வந்து நின்றவர் மார்க் ஃபர்மன். சிம்ப்சன் வீட்டில் ரத்தம் தோய்ந்த கையுறையைக் கண்டெடுத்த துப்பறிவாளர். கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்தும் அந்தச் சொல்லைப் பத்து ஆண்டுகளில் பயன்படுத்தியதே இல்லை என்று சத்தியம் செய்தார். பிறகு ஒரு திரைக்கதை ஆசிரியர் அவரைப் பேட்டி எடுத்துப் பதிவுசெய்திருந்த ஒலிநாடாக்கள் வெளியே வந்தன. அதில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இன்னொரு துப்பறிவாளர், சிம்ப்சனிடம் எடுத்த ரத்தக் குப்பியை உடனே ஒப்படைக்காமல், கையில் வைத்துக்கொண்டு சிம்ப்சன் வீட்டுக்கே போயிருந்தார். குப்பியில் கொஞ்சம் ரத்தம் குறைகிறது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் என்று நான் சொன்னது இதைத்தான்.

எல்லாத் தடயங்களும் அதே துறையின் கைகள் வழியாகவே வந்தன என்பதும் முக்கியம். தனித்தனி வழியில் வந்த ஐந்து சாட்சியங்கள் ஒன்றையொன்று பெருக்கும். ஒரே குழாயில் வந்த ஐந்து குடம் தண்ணீர், குழாய் கெட்டால் ஐந்தும் கெட்டது.

அதற்காக எதிர்த்தரப்பு சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. கொலை நடந்த இடத்தில் ரத்தத் துளிகளைச் சேகரித்தது ஜூன் 13 காலை. சிம்ப்சனிடம் ரத்தம் எடுத்தது அன்று பிற்பகல். எடுக்காத ரத்தத்தை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? துளிகள் தடயங்களை வைத்திருந்த வண்டியின் வெக்கையில் சிதைந்தன, பிறகு ஆய்வகத்தில் சிம்ப்சனின் மாதிரி ரத்தம் அவற்றில் கலந்தது என்று அதற்கு ஒரு பதில் சொன்னார்கள். எனக்கு அது இழுத்துக் கட்டிய பதிலாகவே படுகிறது. ஆனால் எனக்கு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் சூடு பட்ட அனுபவம் எதுவும் இல்லையே.

இன்னொரு குழப்பம், கேள்வியே இரண்டு என்பது. "அவர் செய்தாரா?" என்பது ஒன்று. "நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தார்களா?" என்பது வேறு. 75 சதவீதம் நம்புகிறவர் முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லலாம். அதில் முரண்பாடு கிடையாது. டிவி பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையர்களில் பலர் முதல் கேள்விக்கு விடை தேடினார்கள், ஜூரிக்குக் கொடுக்கப்பட்டதோ இரண்டாவது. நட்ட ஈடு கேட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த சிவில் வழக்கில், எந்தப் பக்கம் கனம் கொஞ்சம் கூடுதல் என்று பார்த்தால் போதும். 1997 பிப்ரவரியில் அந்த ஜூரி சிம்ப்சன்தான் பொறுப்பு என்றது. மொத்தம் 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள்.

கொலை வழக்கின் ஜூரியில் ஒன்பது கறுப்பர்கள், இரண்டு வெள்ளையர்கள், ஒரு ஹிஸ்பானியர். பன்னிரண்டில் பத்துப் பேர் பெண்கள். "அதனால்தான் விட்டுவிட்டார்கள்" என்று இன்றும் சொல்கிறார்கள். முடிவு ஒருமனதானது, அந்த இரண்டு வெள்ளையர்களும் கை தூக்கியிருக்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. இனக் கலப்பு ஜூரியை என்ன செய்கிறது என்று சாமுவேல் சொம்மர்ஸ் என்ற மனவியலாளர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெள்ளையர் மட்டும் உள்ள மாதிரி ஜூரிகளையும், கறுப்பர்களும் கலந்த மாதிரி ஜூரிகளையும் ஒரே வழக்கை விவாதிக்க வைத்தார். கலப்பு ஜூரிகள் அதிக நேரம் பேசின, அதிகத் தகவல்களைத் தொட்டன. இதில் சுவாரசியம், வெள்ளை உறுப்பினர்களே கலப்புக் குழுவில் இருந்தபோது தகவல்களைக் குறைவாகத் தப்பாகச் சொன்னார்கள். சிம்ப்சன் ஜூரி பேசியது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. எட்டு மாதத்துக்கும் மேல் ஹோட்டலில் அடைத்து வைக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வகத்திலும் அதைச் செய்து பார்க்க முடியாது.

துள்ளிக் குதித்தவர்கள் எதற்காகக் குதித்தார்கள் என்பதையும் டிவி சரியாகக் காட்டவில்லை. பலருக்கு அது சிம்ப்சனுக்காக அல்ல. கறுப்பர் ஒருவர், ஜானி காக்ரன் போன்ற ஒரு கறுப்பின வழக்கறிஞரை வைத்து, நீதிமன்றத்தில், அதே போலீஸை எதிர்த்து ஜெயித்ததற்காக. உறைந்து நின்றவர்கள் பார்த்தது, அடி வாங்கி, போலீஸுக்கு போன் செய்து, கடைசியில் செத்துப்போன ஒரு பெண்ணை. இரண்டுமே அந்த வழக்கில் இருந்தன.

தீர்ப்பு வந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2015-ல், வாஷிங்டன் போஸ்ட்டும் ஏபிசி நியூஸும் மறுபடி கேட்டன: சிம்ப்சன் குற்றவாளியா? வெள்ளையர்களில் 83 சதவீதம் பேர் ஆமாம், அல்லது அநேகமாக ஆமாம் என்றார்கள். கறுப்பினத்தவரில் 57. வழக்கு நடந்த காலத்தில் அவர்களில் சிறுபான்மையினர் மட்டுமே சொன்ன பதில் அது. இடையில் புது டிஎன்ஏ எதுவும் வந்து வழக்கு திரும்பவில்லை. சிம்ப்சனைப் பற்றிப் பேசினால் போலீஸைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் தளர்ந்திருந்தது என்று எனக்குப் படுகிறது.