கூரைக் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாத பீலியும்

ஹட்டனில் ஆசிரியராகப் பணியாற்றும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். நுவரெலியா வீதியில் சென்றுகொண்டிருந்தபோது, கல் எதுவும் விழுந்ததாகத் தெரியாத நிலையில், அவருடைய காரின் கூரைக் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், வெடிச் சத்தத்துடன் நொறுங்கிப்போனது. வீட்டார் நாவூறு என்றார்கள்; நண்பர்கள் கண்டிச் சூட்டிலிருந்து திடீரென்று குளிருக்குள் வந்ததால் வெடித்தது என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே ரகக் காரிலிருந்து கழற்றிய கண்ணாடியொன்றைத் தேடி வாங்கிப் பொருத்தினார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் முதற் பெருமழையிலேயே முன் இருக்கையின் காலடி விரிப்பு நனைந்தது. கராஜுக்குக் கொண்டுபோனபோது, கண்ணாடியைச் சுற்றியுள்ள பள்ளத்தின் மூலையில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அதைச் சிலிக்கனால் நன்றாக அடைத்துக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் விரிப்பு இருமடங்கு நனைந்தது. கண்ணாடி ஏன் தானாக உடைந்தது, நல்ல கண்ணாடி ஏன் ஒழுகுகிறது என்பவையே அவருடைய கேள்விகள்.

முதற் கேள்விக்கு விடை பெரும்பாலும் பாடசாலைப் பௌதிகத்திலேயே இருக்கிறது. திறந்து மூடும் கூரைக் கண்ணாடிகளிற் பல வன்மையாக்கிய கண்ணாடிகள். வெட்டி வடிவமைத்த கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்காற்றைப் பாய்ச்சித் திடீரென்று குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகுதான் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது ஏற்கெனவே இறுகிய மேற்பரப்பைத் தன்னோடு சேர்த்து இழுக்கும். இதனால் வெளித்தோல் எப்போதும் நெருக்கப்பட்டும், நடுப்பகுதி எப்போதும் இழுபட்டும் கிடக்கும். நெருக்கப்பட்ட தோலில் வெடிப்பு எளிதில் திறக்காது என்பதாற்றான் அந்தக் கண்ணாடிக்குப் பலம். ஆனால் ஒரு சில்லோ கீறலோ தோலைத் தாண்டி இழுபடும் நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அடைபட்டிருந்த சக்தி முழுவதும் ஒரே நேரத்தில் விடுபடும். வெடிப்பு செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதால், 80 சென்ரிமீற்றர் அகலமான கண்ணாடி முழுவதும் சிறு சிறு கட்டிகளாவதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கன்கூடத் தேவைப்படாது. கேட்டது வெடிச் சத்தம் போலிருந்ததில் வியப்பில்லை.

ரூப்பேர்ட் இளவரசரின் துளி என்று அழைக்கப்படும் கண்ணாடித் துளி இதன் மூதாதை. உருகிய கண்ணாடியைத் தண்ணீரிற் சொட்டவிட்டால், தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாத, ஆனால் வாலை ஒடித்தவுடன் தூளாகிவிடும் துளி கிடைக்கும். 1661இல் இலண்டன் ரோயல் சொசைட்டியில் இதை வியந்து ஆராய்ந்தார்கள். அது வெடிக்கும் விதத்தை அதிவேகப் புகைப்படத்தில் பதிந்து சந்திரசேகர், சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டது 1994இல். அரசவையில் விளையாட்டுப் பொருளாக இருந்த ஒன்றுக்குப் பின்னால் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள். 'இதனால் நாட்டுக்கு என்ன பயன்' என்று முதற் பக்கத்திலேயே கேட்கும் ஆராய்ச்சி நிதி விண்ணப்பப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துளிதான் நினைவுக்கு வரும்.

கல் விழாமலே உடையலாமா? உடையலாம். என்றோ தெறித்த கல் விளிம்பில் ஏற்படுத்திய சில்லு, கண்ணாடியைச் சற்றுக் கோணலாக இறுக்கிய திருகாணி, மேடு பள்ளமான வீதியில் முறுகும் கூரை ஆகியன சேர்ந்தாலே போதும். அரிதாக இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி தயாரிக்கும்போது நிக்கலும் கந்தகமும் கலந்து நிக்கல் சல்பைட்டாக, மண்துகளிலும் சிறிய மணியாக, உள்ளே தங்கிவிடுவதுண்டு. 379 பாகைக்கு மேல் ஒரு வடிவத்திலும், அதற்குக் கீழே சற்றுப் பருத்த வேறொரு வடிவத்திலும் அது இருக்க விரும்பும். திடீரெனக் குளிர்விக்கும்போது வடிவம் மாற அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. பின்னர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், மெல்ல மாறிப் பருக்கும். அந்த மணி இழுபடும் நடுப்பகுதியில் இருந்தால், நிறுத்தி வைத்த காரிலும் கண்ணாடி வெடிக்கும். குளிரின் மீது பழி போடுவதற்குத்தான் இடமில்லை: வன்மையாக்கிய கண்ணாடி ஏறத்தாழ 200 பாகை வெப்பநிலை வேறுபாட்டையே தாங்கக்கூடியது, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே இருப்பது பத்துப் பதினைந்து பாகைதான். நாவூறு பற்றி நான் சொல்வதற்கு அதிகமில்லை. முன்பக்கம் தேசிக்காயும் மிளகாயும் கட்டிய வாகனங்களின் கண்ணாடிகளும் உடைகின்றன. தேசிக்காய் கட்டுவதற்கு முன் கண்ணாடியின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் சில்லு தட்டுப்பட்டிருக்கும்.

கண்ணாடி மாற்றுவதை விரைவாகச் சொல்லிவிடலாம். வன்மையாக்கிய பிறகு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே அதே ரகக் காருக்கான, விளிம்பு இறப்பரோடு கூடிய பலகையே வேண்டும். ஓடு தண்டவாளங்களிலிருந்து கண்ணாடித் தூளை உறிஞ்சி எடுத்து, புதிய பலகையை வைத்து, திருகாணிகளை இறுக்குவதற்கு முன் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். முன் விளிம்பு கூரை மட்டத்தில் அல்லது ஒரு மில்லிமீற்றருக்குள் தாழ்ந்தும், பின் விளிம்பு கூரை மட்டத்தில் அல்லது ஒரு மில்லிமீற்றருக்குள் உயர்ந்தும் இருக்கும்படி வைப்பது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். காற்று முன் விளிம்பில் மோதாமல் வழுக்கிச் செல்வதற்காகவே அந்த ஏற்பாடு. திறக்காமல் நிலையாக ஒட்டப்பட்ட கண்ணாடி என்றால் பசை இறுகும்வரை காரை ஓட்டக்கூடாது. இவ்வளவுதான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். கூரைக் கண்ணாடி மழையைத் தடுத்து நிறுத்துகிறது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திறந்து மூடும் கூரைக் கண்ணாடிகளில் அப்படி நடப்பதில்லை. நடக்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவுமில்லை. கண்ணாடி நாள்தோறும் வழுக்கிச் செல்ல வேண்டியிருப்பதால், சுற்றியுள்ள இறப்பரைப் போத்தல் மூடியைப் போல இறுக்க முடியாது. அது பெருமழையின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மிகுதி உள்ளே வரும். வரும் நீரை ஏந்துவதற்குக் கண்ணாடிக்குக் கீழே நாற்புறமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் மூலைகளில் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையிலும் சுண்டுவிரல் பருமனான குழாய் தொடங்கி, முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள்ளும், பின்பக்கக் குழாய்கள் பின் தூண்களுக்குள்ளும் இறங்கி, கதவுக் கீலின் அருகிலோ சக்கரத்துக்குப் பின்னாலோ வெளியேறுகின்றன. மலையகத்தாருக்கு இதை விளக்க நீண்ட பேச்சு வேண்டியதில்லை. இது பீலி. லயத்துக் கூரையின் தகரத்திலிருந்து வழியும் நீரை ஏந்தி ஒரு மூலைக்குக் கொண்டுபோய் விடும் அதே பீலியைத்தான், காரின் கூரைத் துணிக்கு மேலே யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கராஜில் சிலிக்கன் வைத்து அடைத்த 'ஓட்டை' எது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இந்தப் பீலியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் அழகு தெரியும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் நீர். 80 சென்ரிமீற்றர் அகலமும் 50 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட கண்ணாடியின் மீது, மணிக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டும் மழையில், மணிக்கு 20 லீற்றர் நீர் விழும். உட்துளை 8 மில்லிமீற்றர் உள்ள ஒரு குழாயில் நீர் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் இறங்கினால், மணிக்கு 90 லீற்றரை அது கடத்திவிடும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளையிற்கூட, ஒரேயொரு குழாய் ஒழுங்காகத் திறந்திருந்தாற் போதும். நான்கு குழாய் என்பது ஆடம்பரம்.

ஆனால் அந்தக் கணக்கு சமதரையில் நிற்கும் காருக்குத்தான் பொருந்தும். நமது வீடுகளின் முன்னால் சமதரை எங்கே இருக்கிறது? பத்துக்கு ஒன்று என்ற சரிவில் கார் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் பள்ளத்துக்கும் பின் பள்ளத்துக்கும் 60 சென்ரிமீற்றர் தூரமென்றால், முன்பக்கம் 6 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். பள்ளத்தின் விளிம்போ ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுதான் உயர்ந்திருக்கிறது. அதாவது முன் விளிம்பைத் தாண்டி நீர் காருக்குள் வழியத் தொடங்கும்போதும், பின் துளைகள் உலர்ந்தே கிடக்கும். கார் வீதியோரத்தில் இடப்பக்கமாகவும் சற்றுச் சாய்ந்திருந்தால் வலது முன் துளையும் பயனற்றுப் போகும். மீதி இருப்பது இடது முன் மூலையிலுள்ள ஒரே துளை. அதுவும் அடைபட்டிருந்தால்? முன் பள்ளம் கொள்ளக்கூடிய நீர் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர், இரண்டு தேநீர்க் கோப்பை அளவு. கண்ணாடியில் விழும் நீரில் பாதி மட்டுமே இறப்பரைத் தாண்டினாலும் இரண்டரை நிமிடத்தில் அது நிரம்பிவிடும். கொழும்பில் பல வருடம் ஒழுகாத கார் ஹட்டனுக்கு வந்த வாரமே ஒழுகுவதற்கு மழை மட்டும் காரணமல்ல, சரிவும் காரணம்.

நிரம்பிய நீர் நிரம்பிய இடத்திலேயே சொட்டுவதுமில்லை. பரப்பிழுவிசையால் தகட்டின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஓடி, கூரை விளக்கிலோ தூணின் மறைப்பிலோ வெளிப்பட்டு, காலடி விரிப்பில் போய்த் தேங்கும். தகரக் கூரை ஒழுகும்போது மேலே ஆணித் துளை ஓரிடத்திலும் கீழே வாளி வைக்கும் இடம் வேறிடத்திலும் இருப்பதை அறிந்தவர்கள் இதற்கு ஏமாறமாட்டார்கள். குளிரூட்டியின் வடிகுழாய் அடைபட்டாலும் அதே விரிப்பு நனையும் என்பதை மறக்கக்கூடாது. மழையில்லாத நாளில் குளிரூட்டியைப் போட்டு ஓடும்போது நனைந்தால் அது குளிரூட்டி நீர். நிறுத்தி வைத்த கார் இரவு மழையில் நனைந்தால் அது பீலி நீர்.

துளையை எது அடைக்கிறது? சவுக்கு மரத்தின் நார்நாரான இலை, பைன் ஊசி, பாசி, மழையோடு படியும் மண். இவற்றோடு நமது வாசகரின் காரில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வன்மையாக்கிய கண்ணாடி உடையும்போது உண்டாகும் கட்டிகள் பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அளவானவை. குழாயின் வாயோ 8 மில்லிமீற்றர். உடைந்த கண்ணாடி இருக்கையில் மட்டும் கொட்டவில்லை. சுற்றிலுமுள்ள பள்ளத்திலும் கொட்டியது. இருக்கையைக் கூட்டித் துடைத்தவர்கள் பள்ளத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று கட்டிகள் குழாய் வாயில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால், அவற்றின் இடுக்குகளை இலைத்தூள் நிரப்பிவிடும். ஆகவே அவருடைய இரண்டாம் கேள்விக்கான காரணம் முதற் கேள்வியிலேயே உண்டாகிவிட்டது. பஞ்சிகாவத்தைக் கண்ணாடி குற்றமற்றது.

அவரைத் தலவாக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு பாஸிடம் அனுப்பினேன். கண்ணாடியை முழுதாகத் திறந்து, ஒரு தேநீர்க் கோப்பையில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு மூலையிலும் மெதுவாக ஊற்றி, சக்கரத்தின் பின்னால் எந்தப் பக்கம் வடிகிறது என்று குனிந்து பார்த்தார். மூன்று மூலைகளில் வடிந்தது. நான்காவது மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. "சேர், கண்ணாடில ஒரு கொறையும் இல்ல. பீலிதான் அடச்சிக்கிட்டு இருக்கு" என்றாராம். முதலில் சிலிக்கனைச் சுரண்டி எடுத்தார். பிறகு இரும்புக் கம்பியைத் தேடாமல், நுனியைத் தீயில் உருட்டி மொட்டையாக்கிய தடித்த நைலோன் நரம்பை உள்ளே விட்டு மெல்லத் திருகினார். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பெரும் செலவை இழுத்துக்கொள்கிறார்கள்: கூரிய கம்பி குழாயைக் கிழித்துவிடும், ரயருக்குக் காற்றடிக்கும் அழுத்தத்தை அப்படியே பாய்ச்சினால், தூணுக்குள் குழாய் பொருத்திலிருந்து கழன்றுவிடும், அதன் பின் நீர் வெளியே போகாமல் தூணுக்குள்ளேயே கொட்டும். அதைச் சீராக்கத் தூணின் மறைப்பையும் கூரைத் துணியையும் இறக்க வேண்டும். பல கார்களில் பக்கக் காற்றுப்பைகளும் அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. விடயம் தெரியாத கை அங்கே போகக்கூடாது. குழாயின் கீழ் நுனியில் பூச்சியும் தூசியும் ஏறாதிருக்கப் பிளவுபட்ட இறப்பர் மூடி இருந்தால், அதையும் பிதுக்கிச் சேற்றை எடுக்க வேண்டும்.

இடது முன் குழாயிலிருந்து வந்தது மூன்று கண்ணாடிக் கட்டிகளும், கறுத்து அழுகிய சவுக்கு இலையும். காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடியிலுள்ள பஞ்சு நீரைக் குடித்துக் கனத்திருந்தது. மேலே தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும் இந்தப் பஞ்சு நமது குளிரில் வாரக்கணக்கில் உலராது. காலையில் கண்ணாடிகளின் உட்புறம் புகார் படிவதும் பூஞ்சண வாடை வருவதும் அதனாற்றான். அதை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும், கீழே ஓடும் மின்கம்பிகளின் இணைப்புகளையும் உலர்த்த வேண்டும்.

வாசகர் இப்போது மூன்றாவதாக ஒன்றைக் கேட்டிருக்கிறார்: அப்படியானால் காரைத் திருப்பி, மூக்கு மேட்டை நோக்கும்படி நிறுத்தலாமா? நிறுத்தலாம்; அப்போது சுமை முழுவதும் பின்பக்கத் துளைகளுக்குப் போகும். பின்பக்கக் குழாய்கள் பொதுவாக நீளமானவை, வளைவுகள் கூடியவை, துளை வாயும் எளிதில் எட்டாது. முன் துளைகளைக் கண்ணாடியைத் திறந்தவுடனே பார்க்கலாம், கையால் இலையைப் பொறுக்கலாம். ஆகவே மூக்கைத் தாழ்த்தியே நிறுத்துங்கள். மே மாத மழைக்கு முன்னொரு முறையும் ஒக்டோபர் மழைக்கு முன்னொரு முறையும் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.