ஸ்டாலினுக்கு மார்க் போடறதுக்கு முன்னாடி

காலேஜ்ல ஹிஸ்டரி எடுக்கறேன். வருஷா வருஷம் ஒரே மாதிரி அசைன்மென்ட்தான் வரும், பேப்பர் நடுவுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு, இந்தப் பக்கம் சாதனைகள், அந்தப் பக்கம் கொடுமைகள். சோவியத் யூனியன ஆண்ட ஸ்டாலின்னா (கிளாஸ்லயே ஒரு ஸ்டாலின் இருப்பான், சில வருஷம் லெனினும்) இந்தப் பக்கம் ஃபாக்டரி, படிப்பறிவு, ஹிட்லர ஜெயிச்சது, அந்தப் பக்கம் பஞ்சம், குலாக்னு சொல்ற கட்டாய வேலை முகாம்கள். கடைசி வரில நல்லதும் கெட்டதும் கலந்த தலைவர்னு எழுதி முடிச்சுடுவாங்க. வாட்ஸப் ஃபார்வர்டும் இதேதான், என்ன, அந்தப் பக்கத்த வெட்டிட்டு அனுப்புவாங்க.

சாதனைப் பக்கம் எழுதற நம்பர யார் சொன்னதுன்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல. சர்வாதிகாரி விஷயத்துல மொதல்ல கேக்க வேண்டியதே அதான்.

1934 ஜனவரில கட்சி மாநாட்டுல ஸ்டாலின் சோவியத் ஜனத்தொகை 16 கோடியே 80 லட்சம்னு பெருமையா சொல்லிட்டாரு. அதுக்கு சத்த முன்னாடிதான் உக்ரைன், கஜகஸ்தான்ல லட்சம் லட்சமா பஞ்சத்துல செத்திருக்காங்க, ஆனா பஞ்சம்னு ஒண்ணு நடந்ததாவே ஒத்துக்கல. 1937 ஜனவரி 6, அவங்க பழைய காலண்டர்ப்படி கிறிஸ்துமஸுக்கு மொத நாள், ஒரே நாள் கணக்கா சென்சஸ் எடுத்தா 16 கோடியே 20 லட்சம்தான் வருது. மூணு வருஷத்துல ஏறியிருக்கணும், இறங்கியிருக்கு. உடனே ரிசல்ட்ட அமுக்கிட்டு, எண்ணினவங்களப் புடிச்சாங்க. சென்சஸ் பொறுப்புல இருந்த க்விட்கின், புள்ளிவிவர ஆபீஸ் தலைவர் க்ராவல் ரெண்டு பேரையும் சுட்டுக் கொன்னாங்க. 1939ல திரும்ப எண்ணி 17 கோடின்னு அறிவிச்சாங்க, புதுசா வந்த ஆளு வேற என்ன சொல்வான் சொல்லுங்க.

அந்த 1937 கணக்கு வெளிய வர 1990 வாக்குல ஆச்சு. இதுல பாருங்க, அதே பேப்பர் ஸ்டாலினுக்கு சாதகமாவும் பேசுது. 1926ல ஒம்பது வயசுக்கு மேல பாதிப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும், 1937ல நாலுல மூணு பேருக்கு. பிரச்சாரத்துல சொன்ன அளவு இல்ல, ஆனா ஏறினது நிஜம், அத மறைக்கறதும் தப்புதான்.

கொலைக் கணக்கும் இப்படித்தான். எல்லாம் வெள்ளக்காரன் கட்டிவிட்ட கதைம்பாங்க, ஆனா 1937, 38 ரெண்டே வருஷத்துல 6,81,692 பேருக்கு மரண தண்டனைன்னு எழுதி வச்சது அவங்களோட ரகசிய போலீஸ். அந்த ரகசிய ஆவணங்களத் திறந்தப்ப, பனிப்போர் காலத்துல மேற்குல சிலர் சொன்ன பெரிய பெரிய நம்பரும் நிக்கல. ரெண்டு தரப்புக்கும் வயித்தெரிச்சல்.

இப்பல்லாம் கோடு போட்டு வந்த அசைன்மென்ட்ட அப்படியே திருப்பிக் குடுத்துடறேன், ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல இத எண்ணினது யாரு, அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு எழுதிட்டு வாங்கன்னு.