சென்சஸ்: எண்ணுவதா, மதிப்பதா?

2021இல் நடந்திருக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. கொங்கு நாட்டில் இதைப் பேச்சில் 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பு' என்று முழுசாகச் சொல்பவர் அரிது. 'சென்சஸ் எடுக்க வர்றாங்க' என்பார்கள். இல்லாவிட்டால் வெறுமனே 'கணக்கெடுக்க வந்திருக்காங்க'. பின்னது நல்ல தமிழ்தான், ஆனால் எதைக் கணக்கெடுக்க என்பது அதில் இல்லை. வீட்டுக்காரருக்குச் சந்தேகம் முளைப்பதும் அந்த இடத்தில்தான்.

மூலச்சொல் லத்தீன். 'சென்சேரே' என்றால் மதிப்பிடுதல். பழைய ரோமில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமகன் 'சென்சார்' என்ற அதிகாரியின் முன் நின்று, குடும்பத்தில் யார் யார், நிலம் எவ்வளவு, அடிமைகள் எத்தனை என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சொத்து எந்தப் படியில் விழுகிறதோ அதற்கேற்ப வரி, படைச்சேவை, வாக்கு. ஊராரின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் வேலையும் அதே அதிகாரிக்கு இருந்தது. சினிமாவுக்கு வெட்டுப் போடும் சென்சாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டும் சென்சஸும் ஒரே வேரில் பிறந்தவை. ஆக, இந்தச் சொல் பிறந்தபோது தலையை எண்ணுவது அதில் பாதி வேலைதான். ஆளை எடைபோட்டு வரி விதிப்பது மீதிப் பாதி.

பழைய தமிழ் பைபிளில், லூக்கா 2ஆம் அதிகாரத்தில், அகுஸ்துராயன் கட்டளையிட்ட கணக்குக்குக் 'குடிமதிப்பு' என்று பெயர். குடும்பம், குடியிருப்பவர், அரசனுக்குக் கட்டுப்பட்டவர் என மூன்று பொருளும் 'குடி'யில் உண்டு. 'மதிப்பு' அந்தச் சென்சேரேயேதான். ரோமானியக் கணக்கைத் தமிழில் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் மதிப்பைக் கைவிடவில்லை. அங்கே அரசுத் துறையின் பெயரிலேயே 'தொகைமதிப்பு' இருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் நம் பக்கம் 'கானேஷுமாரி' என்றும் எழுதினார்கள். அது பாரசீகம். கானா என்றால் வீடு, ஷுமாரி என்றால் எண்ணுதல். கார்கானாவில் இருக்கும் கானாவும், 'சுமார் நூறு பேர் இருப்பாங்க' என்கிற சுமாரும் இவைதான். துல்லியமாக எண்ணும் வேலைக்கு வைத்த சொல்லின் உறவுக்காரன் தமிழில் தோராயத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். தமிழில் கானேஷுமாரி வழக்கொழிந்துவிட்டது. வாளையாறைத் தாண்டினால் மலையாளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம். ஏனென்றால் முதல் கட்ட வேலை உண்மையிலேயே வீடு எண்ணுவதுதான். கொங்கு நாட்டில் அது லேசுப்பட்டதல்ல. வீடுகள் தெருவில் வரிசையாக இல்லாமல் தோட்டத்துக்கு ஒரு சாளையாக, அதாவது தோட்டத்து வீடாக, சிதறிக் கிடக்கும். கணக்கெடுக்க வரும் ஆசிரியர் வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்தி, 'நாய் கட்டியிருக்குதுங்களா?' என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும்.

சரி, ஜனங்கள் ஏன் பயப்படுகிறார்கள்? திருப்பூரில் ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி ரசீதில் அது ஒரே வீடு. உள்ளே எட்டுக் குடித்தனம், ஒவ்வொன்றிலும் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒடிசா, பீகார்ப் பையன்கள் நாலைந்து பேர். கணக்கெடுப்பவர் கேட்டால் வீட்டுக்காரர் 'ரெண்டு குடும்பம்தானுங்க' என்பார். டிவி இருக்கா, வண்டி இருக்கா என்று அடுத்த கேள்வி போனால், பக்கத்து வீட்டு அம்மிணிக்கு ரேஷன் கார்டு ஞாபகம் வந்துவிடும். இருவர் மனதிலும் ஓடுவது ரோமானியப் பொருள்தான்: எண்ணுகிறவன் மதிப்பிடுகிறான், மதிப்பிடுகிறவன் வரி போடுவான், இல்லை கொடுத்ததைப் பிடுங்குவான்.

இந்தியச் சட்டம் அந்த முடிச்சை அறுத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டம் 15ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்புப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை யாருக்கும் கிடையாது. அதில் எழுதியதை எந்த உரிமையியல் வழக்கிலும் சாட்சியமாக வைக்க முடியாது. குற்ற வழக்கிலும் இந்தச் சட்டத்தின் கீழ்த் தொடரும் வழக்கைத் தவிர வேறெதிலும் முடியாது. விவரத்தைக் கசியவிட்ட ஊழியருக்கு 3 ஆண்டு வரை சிறை. பதில் சொல்ல மறுப்பவருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். மாச வருமானம் எவ்வளவு என்று நம் சென்சஸ் கேட்பதே இல்லை.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். வழக்கப்படி பெயர் சொல்லக் கூடாதென்றால், ஒரு பெண் தன் கணவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கொங்குப் பக்கத்துப் பெரியம்மாக்களிடம் பெயர் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். 'ஊட்டுக்காரர் பேர் என்னங்கம்மா?' என்றால் 'முருகன் பேருங்க' என்பார்கள். ஆறுமுகமா? தலையாட்டல். சுப்பிரமணியா? அதுவும் இல்லை. பழனிச்சாமி என்று வந்தவுடன் ஒரு சிரிப்பு. சட்டப்படி அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்தான். ஆனால் யார் விடுகிறார்கள்!

இங்கே இன்னொரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இதையெல்லாம் 'தனியுரிமை' என்று எழுதுகிறோம். தன் விவரத்தைச் சொல்லாமல் இருக்க ஒருவருக்குள்ள உரிமை அது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது அதைத்தான். சென்சஸ் சட்டம் தருவது அதுவல்ல. சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் சொன்னதை வெளியே விடமாட்டோம் என்கிறது. இதற்குச் சரியான சொல் 'இரகசியக் காப்பு'. அமைச்சர்கள் பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழியில் இருக்கிற அதே சொல். இரண்டையும் கலந்தால், 'என் தனியுரிமை, பதில் சொல்ல மாட்டேன்' என்று சட்டம் தராத இடத்தில் போய் நிற்போம்.

காப்பு ஒரு பதிவேட்டுக்கு இருந்தால் பக்கத்துப் பதிவேட்டுக்கும் உண்டு என்று நினைக்கவும் கூடாது. 2010இல் வீட்டுப் பட்டியலோடு சேர்த்தே எடுத்த தேசிய மக்கள்தொகைப் பதிவேடு, குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. 15ஆம் பிரிவு அதற்குப் பொருந்தாது. ஜெர்மனியில் 1983இல் அரசமைப்பு நீதிமன்றம் சென்சஸ் சட்டத்தின் ஒரு பகுதியை ரத்து செய்ததும் இந்தக் கலப்பால்தான். கணக்கெடுப்பில் சொன்னதை, யார் எங்கே குடியிருக்கிறார் என்று வைத்திருக்கும் ஊர்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லியிருந்தது. எண்ணுவதை நீதிமன்றம் தடுக்கவில்லை. 1987இல் அங்கே கணக்கெடுத்தார்கள்.

அப்புறம் வரிப்பணம். தொழில் ஊர்களில் அடிக்கடி கேட்கிற வாதம்: 'வரி கட்டறது நாங்க, அனுபவிக்கறது வந்தவங்க.' எட்டுக் குடித்தனத்தை இரண்டாகச் சொல்பவரும் இதைச் சொல்வார், அதுதான் வேடிக்கை. ஒடிசாப் பையன் சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்குகிறான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அரசு நிதி பிரிப்பதில் யார் எவ்வளவு வரி கட்டினார் என்பதைவிடத் தலை எத்தனை என்பதே பல இடங்களில் அளவுகோல். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், தாளவாடி போன்ற மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதிமுறை. உள்ளாட்சிகளுக்கான மானியத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது 15ஆவது நிதிக்குழு மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்புக்கு 10 விழுக்காடும் எடை கொடுத்தது. அதற்கு எடுத்துக்கொண்டதும் 2011 கணக்கு. அந்தக் கணக்கில் திருப்பூர் மாவட்டத்துக்கு 24.79 லட்சம் பேர். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் குழாயடியில் நிற்கிறார்கள், தாளில் இல்லை. ஆறு குடித்தனத்தை மறைத்தவர் வீட்டு வரியில் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. தன் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீரைத்தான் குறைத்துக்கொண்டார்.

சென்சஸின் நீண்ட கேள்வித்தாளுக்கு மட்டும் கட்டாயம் வேண்டாம், விருப்பப்பட்டவர் சொல்லட்டும் என்று கனடா 2010இல் முடிவெடுத்துப் பார்த்தது. வீட்டில் எத்தனை படுக்கையறை என்று கேட்க அரசு யார் என்பது வாதம். எதிர்ப்புத் தெரிவித்துத் தலைமைப் புள்ளியியலாளர் பதவி விலகினார். 2011இல் அதை விருப்ப அடிப்படையில் எடுத்தபோது பதில் வந்தது போதாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் விவரத்தை வெளியிட முடியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சின்ன ஊர்கள். 2016இல் பழையபடி கட்டாயமாக்கிவிட்டார்கள்.

இனி, எந்தத் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள்வது? 'குடிமதிப்பு' அழகான சொல், ஆனால் சட்டம் அறுத்த முடிச்சை அது திரும்பப் போடுகிறது. ரோமைப் பற்றி எழுதும்போது மட்டும் அதை எடுக்கலாம். 'குடிக்கணக்கு' சுருக்கமானது, டாஸ்மாக் ஊரில் அதைச் சொன்னால் வேறு கணக்கு என்று நினைப்பார்கள். 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பு' அரசாணைக்கும் பாடநூலுக்கும் இருக்கட்டும். நாம் எழுதப் பேச 'மக்கள் கணக்கு' போதும். யாரை எண்ணுகிறார்கள் என்பதும் அதில் வந்துவிடுகிறது, விலை போடும் வாடையும் இல்லை. எண்ண வருபவர் 'கணக்கெடுப்பாளர்'. இந்த முறை இணையத்தில் நாமே விவரத்தை ஏற்றிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அதற்குச் 'சுயகணக்கெடுப்பு' என்பதைவிடத் 'தன்பதிவு' என்பது சுலபமாக வாயில் வரும்.