இன்டெலிஜென்ஸ் ஸ்கோர்: சொல் விளக்கம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ஆட்டங்களில் அடிக்கடி அடிபடும் சொல் இது. ஒரு கதாபாத்திரத்தின் நினைவாற்றல், தர்க்கம், கற்றறிந்தது எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் ஒற்றை எண்தான் இன்டெலிஜென்ஸ் ஸ்கோர். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் இதைப் பரப்பியது. ஆறு திறன்களில் இது ஒன்று. அந்த முதல் பதிப்பில் மூன்று பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகையே கதாபாத்திரத்தின் எண் என்பதால், குறைந்தது 3, அதிகம் 18.

சொல்லின் வேர் லத்தீன். ‘இன்டர்’ என்றால் இடையில், ‘லெகெரே’ என்றால் பொறுக்கி எடுத்தல். பலவற்றுக்கு நடுவே இது இன்னது என்று பிரித்தறிவது என்று பொருள். நம்மிடம் புழங்கும் விவேகம் என்ற வடசொல்லுக்கும் அடிப்படைப் பொருள் பிரித்தறிதல்தான். அப்படியென்றால் விவேகம் என்றே வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்த ஆட்டத்தில் விஸ்டம் என்று தனியாக இன்னோர் எண் உண்டு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று உணர்வது, சுற்றி நடப்பதைக் கவனிப்பது, காட்டில் தடம் பார்த்துப் போவது எல்லாம் விஸ்டத்தின் வேலை. வரலாறு, சமயம், மந்திரக்கலை, இயற்கை பற்றிய செய்திகளை நினைவிலிருந்து எடுப்பதும், தடயங்களை வைத்து முடிவுக்கு வருவதும் இன்டெலிஜென்ஸின் வேலை. ஆக, விவேகம் என்ற சொல் விஸ்டத்துக்குத்தான் பொருந்துகிறது.

அறிவு என்று சொல்லலாமா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் அறிவு மிக அகலமான சொல். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது தொடுவதும் பார்ப்பதும் கேட்பதும்கூட அறிவுதான். ஆட்டத்திலோ புலனால் உணர்வது விஸ்டத்தின் பக்கம் போய்விட்டது. அதைவிடப் பெரிய கேடு, அறிவு குறைந்தவர் என்றதுமே அறிவிலி என்ற வசைச்சொல் பின்னாலேயே வந்து நிற்பது. நுண்ணறிவு என்பது உளவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். ஐ.க்யூ.வை நுண்ணறிவு ஈவு என்கிறோம். அந்த ஞாபகத்திலேயே இந்த எண்ணைப் படித்தால் வேறொரு தவறு நேர்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

என் தேர்வு மதிநுட்பம். ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’ என்று தொடங்கும் குறள் (636), இயல்பான கூர்மையையும் நூலறிவையும் அடுத்தடுத்து வைக்கிறது. அந்த இரண்டையும்தான் ஆட்டம் ஒரே எண்ணுக்குள் அடக்கியிருக்கிறது. ஒருவருக்கு மதிநுட்பம் கொஞ்சம் குறைவு என்றால் அவர் முட்டாள் ஆகிவிடுவதில்லை. ஸ்கோருக்கு மதிப்பெண் வேண்டாம், பரீட்சையும் பாஸ், பெயிலும் நினைவுக்கு வரும். ஈவும் பொருந்தாது, இங்கே வகுத்தல் எதுவும் நடக்கவில்லை. எண் என்றாலே போதும். மதிநுட்ப எண்.

சரி, எண் குறைந்தால் என்ன ஆகும்? பதிப்புக்குப் பதிப்பு விதி மாறியிருக்கிறது. 1974-இன் முதல் நூல், ஒரு கதாபாத்திரம் குறிப்பிட்ட செயலைச் செய்யுமா என்று ஆட்டத்தை நடத்தும் நடுவர் முடிவெடுக்கையில் இந்த எண்ணையும் கணக்கில் கொள்ளலாம் என்றது. ஆட்டக்காரரின் யோசனையைத் தடுக்க நடுவருக்கு அங்கே இடம் இருந்தது. 1978-இன் அட்வான்ஸ்டு பதிப்பில் 5 அல்லது அதற்குக் கீழே வந்தால் போர்வீரனாக மட்டுமே ஆடலாம். 1981-இன் பேசிக் பதிப்பு எழுத்தறிவோடு முடிச்சுப் போட்டது: 3 என்றால் பேசவே திணறும், 5 வரை எழுதப் படிக்கத் தெரியாது, 6 முதல் 8 வரை எளிய சொற்களை எழுதும். 2014 பதிப்பில் இப்படிப்பட்ட தடை ஒன்றுகூட இல்லை. எண் 8 என்றால், மதிநுட்பத்தைச் சோதிக்கும்போது இருபது முகப் பகடையில் வருவதிலிருந்து 1 கழியும், 6 என்றால் 2 கழியும். அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தவறுக்கு வருகிறேன். எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஐ.க்யூ. என்று ஒரு வாய்மொழிக் கணக்கு உலவுகிறது. 6 என்றால் ஐ.க்யூ. 60, ஆகவே பேச்சு திக்க வேண்டும், கதவைத் திறக்கத் தெரியக் கூடாது என்று ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். கணக்கே பிழை. மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அதில் 20 விதங்களில் கூட்டுத்தொகை 6 அல்லது அதற்குக் கீழே வரும், அதாவது ஏறக்குறைய பதினொன்றில் ஒருவர். ஐ.க்யூ. 60-க்குக் கீழே இருப்பவர்களோ நூற்றில் ஒருவர்கூட இல்லை. 8 அல்லது அதற்குக் கீழே 56 விதங்கள், நாலில் ஒருவர். நம் தெருவில் நாலில் ஒருவர் எப்படிப் பேசுகிறார், எப்படிப் பிழைக்கிறார் என்று பார்த்தால் 8 என்பது எவ்வளவு சாதாரணம் என்று புரியும்.

ஒரே ஏணியின் படிகள் மாதிரி இந்த எண்ணைப் படிக்கவும் முடியாது. ஐந்தாம் பதிப்பின் விலங்குப் பட்டியலில் வாலில்லாக் குரங்குக்கு 6, ஓகர் என்ற பூதத்துக்கு 5. குரங்கு பேசாது, பூதமோ இரண்டு மொழி பேசும்! 2014 பதிப்பின் ஃபீபிள்மைண்ட் என்ற மந்திரம் ஒருவரின் மதிநுட்பத்தை 1-க்கு இறக்கிவிடும். அவருக்கு மொழி புரியாது, மந்திரம் வராது. ஆனால் நண்பர்களை அடையாளம் காண்பார், பின்தொடர்வார், காப்பாற்றவும் செய்வார் என்று விதியே சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒன்றில் இருப்பவருக்கே அவ்வளவு இடம் கொடுத்த ஆட்டத்தில், எட்டில் இருப்பவரைக் கோமாளியாக்க யாருக்கும் உரிமை இல்லை. மழலையாகப் பேசி, எச்சில் வடித்து ஆடிக்காட்டுவது, அறிவுசார் குறைபாட்டோடு வாழும் மனிதர்களைக் கேலி செய்வதில்தான் போய் முடிகிறது.

அப்புறம் அந்தப் பழைய சண்டை: கதாபாத்திரத்துக்கு 6, விடுகதைக்கு விடை ஆட்டக்காரருக்குத் தெரியும், சொல்லலாமா? மேசையில் தாராளமாகச் சொல்லட்டும். அதைக் கதைக்குள் எந்தக் கதாபாத்திரம் கண்டுபிடித்தது என்பதை எல்லோரும் பேசி முடிவு செய்யட்டும். விடுகதையை ஆட்டக்காரர்கள் முன்னால் வைத்துவிட்டு ஒருவர் வாயை மட்டும் கட்டுவது நியாயமில்லை. 18 எண் கொண்ட மந்திரவாதியை ஆடுபவரும் நம்மைப் போன்றவர்தானே, அவருக்கு நடுவர் துப்புக் கொடுப்பதை யாரும் குறை சொல்வதில்லை. 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹு ஆட்டம் இதை விதியாகவே வைத்தது: எண்ணை 5-ஆல் பெருக்கி, அத்தனை சதவீத வாய்ப்பில் பகடை உருட்டி, ஆட்டக்காரருக்குத் தோன்றாத யோசனை கதாபாத்திரத்துக்குத் தோன்றியதா என்று பார்க்கலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல் டம்ப் ஸ்டாட், அதாவது தேவையில்லை என்று தெரிந்தே குறைவாக விட்டுவிடும் திறன். ஐந்தாம் பதிப்பில் பகடைக்குப் பதிலாக 27 புள்ளிகளை ஆறு திறன்களுக்கும் பங்கிடும் முறை உண்டு. அதில் எதையும் 8-க்குக் கீழே இறக்க முடியாது. வாள்வீரனுக்கு வலிமையும் உடலுறுதியும் வேண்டும் என்பதால் பெரும்பாலும் மதிநுட்பத்தில்தான் 8 வந்து விழும். இதைக் கைகழுவிய எண் எனலாம். மதிநுட்பம் 8, விவேகம் 14 என்று தாளில் இருந்தால், அந்த வீரனுக்கு அரச வம்சங்களின் பெயர்கள் மறந்துபோகும், நீளமான திட்டத்தின் நாலாவது படி குழம்பும். ஆனால் சத்திரத்துக்காரன் பொய் சொல்கிறான் என்பதைக் கூட்டத்தில் முதலில் கண்டுபிடிப்பது அவனாகத்தான் இருக்கும்.